இருபத்தாறு வருடத்துப் பல்

“பல்லு மேல மாட்டியிருக்கிற இந்த உறையை மாத்தியே ஆகணும்மா,” என்றாள் பல் டாக்டர். “பதினஞ்சு வருஷம் உழைச்சாலே பெரிசு. இது இருபத்தாறு வருஷம் ஓடியிருக்கு.”

“வலியே இல்லையே டாக்டரம்மா.”

“வேர் சிகிச்சை செஞ்ச பல்லும்மா. அதுக்கு வலி தெரியாது.”

ரெஜினா மேரி எக்ஸ்ரேயைப் பார்க்காமலே கேட்டாள். “செஞ்சவர் வேலையில தப்பா?”

செய்தவர் அவள் கணவர். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே வாய்கள் வருவதில்லை, எண் ஒட்டிய பிளாஸ்டர் அச்சுகள்தான் வரும். “எத்தனையோ பேருக்குப் பல்லு செஞ்சேன். அது முறுக்குக் கடிக்கிறத நான் பாத்தது ஒன் வாயில மட்டும்தான்டி,” என்று சிரிப்பார். போன சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“உறையில ஒரு கீறல்கூட இல்லம்மா. ஈறு இறங்கிடுச்சு. அந்த இடுக்கு வழியா உள்ள பல்லுதான் சொத்தையாயிருக்கு.”

“அப்ப உறைய முழுசாக் கழட்டிக் குடுத்துடுங்க.”

“முழுசா வராது. வெட்டித்தான் எடுக்கணும். இழுத்தா பல்லும் சேந்து ஒடஞ்சிடும்.”

“ஒடயட்டுமே.”

“பல்லக் காப்பாத்தலாம்னு சொல்றேன்மா.”

ரெஜினா மேரி நாற்காலியில் சாய்ந்தபடி மெல்லக் கடித்துப் பார்த்தாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சத்தமில்லாமல் பொருந்தின. இன்னொரு முறை கடித்தாள். டாக்டர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, அவள் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.