இயக்குநர் வாசிக்காத பதிவு

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கடல் செங்கல் கரைத்த நிறத்தில் அசையாமல் கிடக்கிறது. கடல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் சிவனணைந்தபெருமாள், கருத்தரங்கு விருந்தை முடித்த கையோடு, பொன்னாடை கலையாமல் ஆய்வாளர் ஜெஸ்லினின் மேசை முன்னால் வந்து நிற்கிறார். “விஞ்ஞானின்னா ஜர்னல்ல எழுதணும். வலைப்பூவுல மீன்காரங்களுக்கு எழுதுதது என்ன பொழப்பு? அந்தப் பதிவை இப்பவே அழி, இல்ல வேலையை விட்டுட்டுப் போ.” பதவிக்கு இழுக்கு என்று அவர் அதை வாசித்ததேயில்லை. கரையில் எல்லாரும் வாசித்துவிட்டார்கள். அழிக்கும் பொத்தான்மேல் ஜெஸ்லின் விரலை வைக்கிறாள். மின்விசிறி கிரீச்சிடுகிறது. அவர் உதட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். “விருந்துல என்ன சார் சாப்பிட்டீங்க?” “மட்டிச் சிப்பிப் பொரியல். சந்தையில ஒருத்தனும் வாங்கலையாம். சல்லிசா கெடைச்சுதுன்னு நம்ம விளாத்திகுளத்துக் கேண்டீன்காரன் அள்ளிட்டு வந்துட்டான். அத விடு, நீ அழி. உதடு வேற என்னமோ மரத்தாப்ல இருக்கு.” ஜெஸ்லின் விரலை எடுத்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். இயக்குநர் முதன்முறையாக வாசிக்கிறார்: ‘கடல் செவந்து கெடக்கு. மட்டிச் சிப்பி திங்காதீங்க, விஷம் ஏறியிருக்கு. மொதல்ல உதடு மரக்கும்.’ ஜெஸ்லின் ஆம்புலன்சுக்குப் போன் போடுகிறாள். “அதுக்கப்புறம் என்னம்மா ஆகும்?” என்று கேட்கும்போதே அவருடைய நாக்கு குழறுகிறது.