மேலிருந்து எடுத்த படம்

"தண்ணி கொட்டிடுச்சு தம்பி," என்றார் அப்பா.

சாம்பல் நிறப் பேண்ட் முன்பக்கம் முட்டி வரைக்கும் நனைந்திருந்தது. இந்தப் பயணத்துக்கென்று அவன் வாங்கிக்கொடுத்த பேண்ட்.

"பாட்டில் மூடி சரியில்ல."

அவன் பெஞ்சில் அப்பாவின் பக்கத்திலிருந்த தோள்பையின் பக்கவாட்டில் கையை விட்டான். இரண்டு பாட்டில்கள். இரண்டும் நிறைய இருந்தன. மூடியின் சீல்கூட உடையவில்லை.

இருந்த இடத்திலேயே இரண்டையும் திரும்ப வைத்தான்.

அவனும் மனைவி மைதிலியும் அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். திரும்பி வர இரண்டே கால் மணி நேரம். மைதிலியின் கையில் ஒரு காகிதப் பொட்டலம், அப்பாவுக்குத் தின்பதற்கு. சர்க்கரை வியாதிக்காரருக்கு இனிப்பு. அதையும் அவன்தான் வரிசையில் நின்று வாங்கினான்.

லிஸ்பனுக்கு வேலைக்கு வந்து ஐந்து வருஷம். அம்மா போன பிறகு, ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன் என்று அடம்பிடித்து அப்பாவை வரவழைத்தவன் அவன்.

நேற்று ரயிலில் இந்தப் போர்த்தோவுக்கு வரும்போது, அவர் கழிவறைக்குப் போக நான்காவது முறையாக எழுந்தார்.

"சும்மா சும்மா எந்திரிச்சுப் போகாதீங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பார்க்கவில்லை. கூச்சப்பட்டது அவன் ஒருவன்தான்.

இன்று பார்க்க வந்த கோபுரத்துக்கு இருநூற்றுச் சொச்சம் படிகள். அப்பாவின் முட்டி இருபதுக்கே ஒப்புக்கொள்ளாது. எதிரிலிருந்த பூங்காவில் நிழலாக ஒரு பெஞ்சு பார்த்து உட்கார வைத்தார்கள். மூன்று பேரின் பெட்டிகளும் அவர் காலடியில். காலையில் அறையைக் காலி செய்தபோதே அவற்றை ஹோட்டலில் விட்டிருக்கலாம். திரும்பிப் போய் எடுப்பது வீண் அலைச்சல் என்று அவன்தான் வேண்டாமென்றான்.

"திருட்டுப் பயலுக ஜாஸ்திப்பா இங்க. இத விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க."

யாரிடம் போய்ச் சொன்னான்! ராஜபாளையத்து நூல் மில்லில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்த மனிதரிடம். மாற்று ஆள் வராமல் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போனதில்லை அவர்.

மேலே நல்ல காற்று. ஆறு, பாலம், சிவப்பு ஓட்டுக் கூரைகள்.

"அங்க பாருங்க, மாமா நிக்கிறாரு!" என்று மைதிலி கீழே காட்டினாள்.

பச்சை மரங்களுக்கு நடுவே அப்பாவின் வெள்ளைத் தொப்பி. எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை அல்ல, இரண்டு கையையும்.

அவர்களும் ஆட்டினார்கள்.

அவன் அலைபேசியில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தான். அங்கே நின்றபடியே குடும்பக் குழுவில் போட்டான். 'அப்பா டாட்டா காட்டுகிறார்.'

அப்பா ஆட்டிக்கொண்டே இருந்தார். மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவன் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

அதன் பிறகும் முக்கால் மணி நேரம் மேலே இருந்தார்கள். அப்புறம் பேக்கரி வரிசை.

இப்போது மைதிலி தன் சால்வையை எடுத்தாள்.

"காத்து குளிருது மாமா. இதக் கட்டிக்கங்க."

அவளே அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஹோட்டலுக்கே போயிட்டு வந்துடலாம்ப்பா. பேண்ட் மாத்திக்கலாம்," என்றான்.

"ரயிலுக்கு நேரமாகாதா?"

"ஆகாதுப்பா."

மூன்று பெட்டிகளையும் அவனே இழுத்தான். தோள்பையும் அவன் தோளில். கல் பாவிய தெருவில் சக்கரங்கள் கடகடவென்று ஊரைக் கூட்டின. அப்பா சால்வையைப் பிடித்தபடி மெல்ல நடந்தார்.

பாதி வழியில் கேட்டார்.

"மேல இருந்து பாத்தா நான் தெரிஞ்சேனா?"

மைதிலி இரண்டடி முந்தி நடந்தாள்.

"இல்லப்பா. ரொம்ப உயரம். எல்லாம் எறும்பு மாதிரிதான் இருந்துச்சு."

"அதானே!" அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா நீ எறங்கி வந்திருப்பியே."

அவனுக்கு அந்தத் தெருவிலேயே செத்துவிடலாம் போல் அவமானமாக இருந்தது.

பிறகுதான் படம் நினைவுக்கு வந்தது.

அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவருடைய அலைபேசியில் ஊர் சிம். இங்கே வைஃபை கிடைக்கும் இடத்தில்தான் அதற்கு உயிர் வரும். பூங்காவில் வரவில்லை. அதனால்தான் அவர் கூப்பிடவில்லை. அதனால்தான் கையை ஆட்டினார்.

ஹோட்டல் இன்னும் ஐம்பது அடி.

அவன் பின்தங்கி நின்று படத்தை அழித்தான்.

அதற்குக் கீழே, ராஜபாளையத்திலிருந்து அக்கா பூங்கொடி எழுதியிருந்தாள். 'அப்பா எவ்வளவு ஜாலியா கை ஆட்டுறாரு! மேல இருந்து நல்லாத் தெரியுதே!'

அக்கா எழுதியதை அவனால் அழிக்க முடியாது.

அவன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது ஹோட்டலின் கண்ணாடிக் கதவு திறந்துவிட்டிருந்தது. அப்பா உள்ளே இருந்தார். அவருடைய சட்டைப்பையில் அலைபேசி மூன்று நான்கு முறை சிணுங்கியது.

"பூங்கொடியாத்தான் இருக்கும்," என்று சிரித்தபடி எடுத்தார். கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தார். படிக்க முடியவில்லை.

"என் கண்ணாடி அந்தத் தோள்பையிலதான் இருக்கு தம்பி. எடு," என்று அவனிடம் கையை நீட்டினார்.