நாற்பது நிமிடம்

பிஸ்கட், சிப்ஸ் விற்கும் மெஷின்கள் எனக்குப் பதினொன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஒரு சாஃப்ட்வேர் தேடினேன். இரண்டைத் தப்பென்று ஒதுக்கியாயிற்று. மூன்றாவதும் அதையேதான் காட்டியது. ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி மெஷின் தினமும் காலை ஆறரைக்குத் திறக்கிறது, நாற்பது நிமிடம் கழித்து மூடுகிறது, சரக்கு நிறைந்திருக்கிறது.

"இதை யாரு சார் நிரப்புறாங்க? ஒருநாள்கூட லீவு போடலையே!" என்றாள் சாஃப்ட்வேர் விற்க வந்த பெண்.

"பழைய ஆளும்மா" என்றேன்.

நாலு மாதமாக நான் அங்கே யாரையும் அனுப்பவில்லை. அது சித்தப்பா பார்த்த மெஷின். ஒவ்வொரு பாக்கெட்டையும் படம் முன்னால் தெரியும்படி திருப்பித் திருப்பி வைப்பார். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம், அவருக்கு நாற்பது.

"பாக்கெட்டை என்ன போட்டோவா புடிக்கப் போறாங்க? நாளைலேர்ந்து வராதீங்க சித்தப்பா" என்று சரக்கு வண்டி டிரைவர்கள் முன்னால் கத்தினேன்.

"சரிப்பா" என்று சாவியை மேஜைமேல் வைத்தார். அடுத்த வாரமே இறந்துபோனார். உடலை எடுத்த பிறகுதான் போனேன். சித்திக்கு முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சாஃப்ட்வேர் பெண் வந்துபோன மறுநாள் காலை எட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷின் பூட்டியிருந்தது. சாவி என் பையில் இருந்தது. முன்னால் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அவள் தோளுக்கு மேல் பார்த்தேன். புதுப் பாக்கெட்டுகள், எல்லாப் படமும் முன்னால். அவள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

நான் கண்ணாடி அருகே போனேன். வரிசை வரிசையாக, ஒன்று பாக்கியில்லாமல், எல்லாப் பாக்கெட்டும் எனக்கு முதுகைத் திருப்பி நின்றன.