கண்ணாடித் துண்டுகள்

“எங்க தம்பி அந்த வெடிப்பு?” என்று கேட்டார் விரிவுரையாளர் பாறூக் சேர்.

கணபதி சுவர் சுவராகத் தேடினான். எதிரே, தேயிலைத் தோட்டத்து மலையடியில், அவன் பிறந்து வளர்ந்த லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீட்டுச் சுவர்களும் பளிச்சென்று வெள்ளையடித்து நின்றன. பொங்கலுக்குக்கூடச் சுண்ணாம்பு காணாத சுவர்கள்! வெடிப்பு இருந்த இடமெல்லாம் செம்மண் குழைத்துப் பூசியாகிவிட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில், மண்ணையும் பாறையையும் ஆராயும் புவிச்சரிதவியல் படிக்கிறவன் அவன். தீபாவளி லீவில் வந்தபோது, வெடிப்புகளுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைச் சீமெந்து வைத்து ஒட்டிவிட்டுப் போனான். மலை நகர்ந்தால் வெடிப்பு விரிந்து கண்ணாடி உடையும். உடைந்ததைச் சேர் கண்ணால் பார்த்துவிட்டால், லயத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி அறிக்கை எழுதுவார். அதற்காகத்தான் கெஞ்சிக் கூத்தாடி, தெமோதரை வரை ரயிலிலும் பிறகு கால்நடையாகவும் அவரைக் கூட்டி வந்திருந்தான்.

இப்போது கண்ணாடியும் இல்லை, வெடிப்பும் இல்லை.

“கனவு கினவு கண்டியா மச்சான்?” கூடப் படிக்கும் ஜௌபர் சிரித்தான்.

அவமானம் தாங்காமல் கணபதி, பக்கத்தில் நின்ற, தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வீரய்யா மீது பாய்ந்தான்.

“தோட்டத்துத் தொர சொல்லித்தானே மூடுனீங்க? நாங்க மண்ணுல பொதஞ்சு செத்தாலும் ஒங்களுக்கு ஒன்னுமில்ல!”

“ஐயோ சாமி, எனக்கு ஒன்னுந் தெரியாதுப்பா. லயத்து சனந்தான் மூனு நாளா பூசிக்கிட்டு கெடந்துச்சு.”

“பொய் சொல்லாதீங்க!”

அன்று வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகாமல் காத்திருந்த அவன் தாய் நல்லம்மா, பிளேன்டீயோடு வெளியே வந்தாள்.

“அவர ஏன்யா ஏசுற? நாங்கதான் பூசுனோம்.”

“அந்தக் கண்ணாடியெல்லாம் எங்கம்மா?”

“அதையேன் கேக்குற! ஒன்னு பாக்கியில்லாம ரெண்டா ஒடஞ்சு கெடந்துச்சு. எல்லாம் நம்ம லயத்துப் பிள்ளைங்க வேலதான். வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்கன்னு பேத்தெடுத்து ஓடையில போட்டுட்டோம்.”

கணபதி தலையில் கை வைத்துக்கொண்டான். அது எதற்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவங்களுக்கு எங்கே விளங்கப் போகிறது என்று சொல்லாமலே போய்விட்டான்.

பாறூக் சேரின் முகம் மாறியது. “எல்லாமே ஒடஞ்சதா? ஆனா நான் கண்ணால பாக்காம எப்பிடி எழுதுற? பூச்சச் சொரண்டினா வெடிப்பு மட்டும்தானே தெரியும், மலை நகர்ந்தது தெரியாதே. திரும்ப ஒட்டி, இன்னும் மூணு மாசம் பாக்கணும். அதுக்குள்ள சித்திரை மழை வந்துருமே...” மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “இப்பிடிப் பூசச் சொல்லி யாரும்மா ஒங்களுக்குச் சொன்ன?”

நல்லம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்திருந்த கடிதத்தை அவரிடமே நீட்டினாள்.

அவர் உரக்கப் படித்தார்: “அம்மாவுக்கு, வியாழக்கிழமை சேரும் சிநேகிதனும் என்னோடு வருகிறார்கள். நம் லயம் கிடக்கிற கோலத்தைப் பார்த்தால் எனக்குத்தான் வெட்கக்கேடு. நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்கி வையுங்கள். இப்படிக்கு, அன்பு மகன் கணபதி.”