ஒன்பதாவது போல்ட்

தொப்பிக்குள் எட்டாவது போல்ட் விழுந்தது.

இன்னும் ஒன்று விழுந்தால் ஹோமர் பெயிண்ட் டப்பாவைத் திறப்பான். சுவரில் ஐந்தாவதாக இருக்கும் என் பெயர் போய்விடும்.

சீசனின் முதல் ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எங்கள் காகித ஆலையில் சாப்பாட்டு நேரத்துக்கு இதுதான் வேலை. கார்வர் ஃபால்ஸ் கல்லூரி ஃபுட்பால் அணியில், எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர்களில் பெரிய ஆள் யார் யார் என்று சண்டை போடுவோம். சுவரில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஒருவனை அழிக்கச் சொல்கிறவர்கள் ஹோமரின் மஞ்சள் தொப்பியில் ஆளுக்கு ஒரு போல்ட் போட வேண்டும். ஒன்பது சேர்ந்தால் அழித்துவிடுவான்.

சுவரில் பெயர் உள்ளவனுக்கு ஓட்டு இல்லை. அந்த ஐந்து பேரில் ஆலையில் கூலிக்கு நிற்பவன் நான் ஒருவன்தான்.

பெயர் போனால் போகட்டும் என்று இருக்க முடியவில்லை. கல்லூரி எனக்குப் பட்டம் தரவில்லை. தந்தது சுவரிலுள்ள அந்தப் பெயர் ஒன்றுதான்.

"அந்த வருஷம் எழுபத்தொரு பந்து பிடிச்சாராம். இருக்கட்டும். கடைசிப் பந்துக்கு எங்க போனாரு? அதச் சொல்லுங்க" என்றான் டுவைட். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். போல்ட் இன்னும் அவன் கையில் இருந்தது.

"டாயில் எறிஞ்ச வரைக்கும் பெருசு புலிடா. டாயில் தோள் ஒடிஞ்சு வெளிய போனதும் புலி பூனையாயிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

பந்தை எறிகிற டாயிலும் நானும் கல்லூரியில் ஒரே அறை. களத்திலும் ஒவ்வொரு எறிக்கும் முன்னால் என் காதருகே வந்து ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவான்.

"அத விடுங்கப்பா. செவ்வாய்க்கிழமையானா சாயங்காலம் குளிச்சு சட்டை மாத்திக்கிட்டு எங்க போறாருன்னு கேளுங்க. அந்தம்மா பேரையும் கேளுங்க" என்றான் ஹோமர். என்னைக் காப்பாற்றப் பார்த்தான்.

டுவைட் சிரிக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய மணிக்கட்டுப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். எண்பத்து நாலு என்று மை போட்டிருந்தது. களத்தில் என் எண். கல்லூரிச் சாமான் அறையைப் பார்த்துக்கொண்ட கிழவர் செத்துப்போய், அவர் வீட்டுப் பொருள்களை வாசலில் பரப்பி விற்றார்களாம். அதில் கிடைத்ததாம்.

பிளாஸ்டிக்குக்கு உள்ளே அன்று நான் கட்டியிருந்த அதே அட்டை. எந்த எண்ணுக்கு எப்படி ஓட வேண்டும் என்று பொடி எழுத்தில் வரிசையாக.

"ஸ்டேடியம் சத்தத்துல பேச முடியாதுன்னு நம்பரத்தான் கத்துவாங்க. அன்னைக்கு டாயிலுக்குப் பதிலா வந்த புதுப் பையன் நாப்பத்தொண்ணுன்னு கத்துனான். நீ கையைத் திருப்பிப் பார்த்த. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் பெருசு, நாலு வினாடி பார்த்த. பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டும் உள்பக்கம் ஓடுன. பந்து வெளிப்பக்கம் போச்சு. எங்கப்பா சாகுற வரைக்கும் சொன்னாரு, அவன் ஆட்டத்த வித்துட்டான்னு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் ஓடிய பேச்சு. முகத்துக்கு நேரே இன்றுதான் வந்தது.

வெயில் கண்ணில் அடித்தது என்று எப்போதும் சொல்வேன். வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"படி" என்றான் டுவைட். "நாப்பத்தொண்ணுல என்ன போட்டிருக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி. அப்புறம் நான் இதப் போடுறேன்."

பட்டையைக் கையில் எடுத்தேன். நாற்பத்தொன்றை உடனே கண்டுபிடித்தேன். எண்கள் எனக்கு எப்போதும் தெரியும்.

பிறகு, செவ்வாய்க்கிழமை டீச்சர் காட்டிக்கொடுத்தபடி, முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தேன்.

"பன்... பன்னிரண்டு கெ... ஜம்... ஓடு."

யாரோ டிபன் பெட்டியை மூடப்போய் மூடாமல் விட்டார்கள்.

"வெ... ளி... வெளிப்... பக்கம்."

வியர்வையில் விரல் வழுக்கியது. துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன்.

"தி... ரும்பு."

டுவைட் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெருசு" என்றான். குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்குப் பார்த்தேன்னு சொன்னியே."

"பார்த்தேன்பா. இன்னைக்குத்தான் படிக்கிறேன்."

தொப்பியின் பக்கம் நான் திரும்பவில்லை. நாற்பத்தொன்றுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. விரலை நகர்த்தி அங்கே வைத்தேன்.