இரண்டாம் தட்டும் மூன்றாம் தட்டும்

ஈரம் தெரிந்தது.

அவன் டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். வெளிச்சம் நகர்ந்தது. ஈரம் அங்கேயேதான் இருந்தது.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட் மேஜைமேல் தலைகீழாகக் கிடந்தது. சிலிண்டருக்கு ஒன்றாக அதன் நான்கு குழிகளிலும் பெட்ரோல். குழிக்கு நான்கு வால்வு, ஆக மொத்தம் பதினாறு. எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கூட அடியில், பக்கவாட்டில் இருக்கும் எட்டுத் துளைகளுக்குள் கசியக் கூடாது. அது அவள் வைத்த சட்டம்.

மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது.

அவன் டார்ச்சை அணைப்பதற்குள் அவள் குனிந்து பார்த்துவிட்டாள். இரண்டாவது சிலிண்டரில் ஒரு வால்வு கசிந்தது. மூன்றாவதில் ஒன்று.

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

பந்தயக் காருக்கு டர்போ வந்து இரண்டு மாதம் ஆகிறது. பூபதி தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் பல் தேய்ப்பான். வந்த அன்றைக்கே மாட்டிவிட வேண்டும் என்று குதித்தான். ஓட்டை டியூபில் காற்றடிக்கிற வேலை அது என்று அவன் மனைவி கோகிலவாணி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும். வால்வு சரியாக மூடாவிட்டால் திணித்ததெல்லாம் வந்த வழியே போய்விடும். முதலில் வால்வு, பிறகுதான் டர்போ.

ஹெட்டைக் கடையில் கொடுக்கவும் அவள் விடவில்லை. பம்ப் கம்பெனியில் நாள் முழுக்க அளவு பார்க்கிறவளுக்கு அடுத்தவர் கைமேல் நம்பிக்கை வருமா? தானே செய்வதாகச் சொன்னாள். அதுதான் அவள் தொட்ட முதல் ஹெட்.

பதினெட்டு நாள். வேலை முடிந்து வந்து, தேய்ப்புப் பேஸ்ட் தடவி, ரப்பர் நுனிக் குச்சியில் வால்வை ஒட்டி, மத்து கடைவதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி அதன் இடத்தோடு தேய்த்தாள். அப்படித் தேய்த்த வால்வு தன் இடத்தில் மட்டும்தான் பொருந்தும். பக்கத்து இடத்தில் வைத்தால் பொருந்தாது. ஒன்றோடு ஒன்று மாறிவிடாமல் இருக்க வீட்டு இட்லித் தட்டுகளை எடுத்துக்கொண்டாள். நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு குழி. கணக்குக் கச்சிதம்.

அந்த வீட்டில் பதினெட்டு நாளாகத் தோசைதான்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போனதும் பூபதிக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. அவனுக்கு வரும் நல்ல எண்ணங்கள் எல்லாமே இப்படித்தான். வால்வுகளை மண்ணெண்ணெயில் கழுவி வைத்தால் மகிழ்ந்து போவாள். தட்டுத் தட்டாகத்தான் கழுவினான். மூன்றாம் தட்டு வழுக்கி இரண்டாம் தட்டின் மேல் சாய்ந்தது. தட்டுக்கு ஒன்றாக இரண்டு வால்வுகள் உருண்டன.

எது எதில் இருந்தது? இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன.

குத்துமதிப்பாக எடுத்து வைத்தான். சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்று மாலை பளபளப்பைப் பார்த்து அவள் உண்மையாகவே மகிழ்ந்து போனாள். அவனுக்கு ஒரு நெய்த் தோசை கூடுதலாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நேற்று அவளே வால்வுகளை எடுத்து மாட்டினாள், அவன் வைத்த வரிசையிலேயே.

இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

“என் கை சரியில்லீங்க,” என்றாள் அவள். “கடையிலயே குடுத்துருங்க. இனி நான் எந்த ஹெட்டையும் தொடறதில்ல.”

அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். அவள் அளவு சொல்கிற குரலில் சொன்னாள்.

பூபதிக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். கொள்ளை ஆசை. வாயைத் திறந்தால் அவள் பதினாறையும் கழற்றிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள், பந்தயம் போய்விடும் என்றுதான் நினைத்தான். ஆனால் அவள் இன்னமும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

“உன் கை இல்ல அம்மிணி. என் கை.”

செவ்வாய்க்கிழமையை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

அவள் அவனையே பார்த்தாள். திட்டவில்லை. எந்தத் தட்டு, எந்தக் குழி என்று மட்டும் கேட்டாள். அவன் விரலை நீட்டிக் காட்டினான்.

பெட்ரோலை வடித்தாள். அந்த இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். மறுபடி ஊற்றினாள்.

பத்து நிமிடம்.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. டார்ச் அவள் கையில்தான் இருந்தது. போட்டுப் பார்க்கப் பயந்தாள். அவனுக்கும் பயம்தான்.

பத்தாவது நிமிடம் அவன் ஒரு துளைக்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினான். காய்ந்த விரல்.

அவனை நம்பாமல், அவளே ஒவ்வொரு துளையாக விரல் விட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன. எட்டாவது துளையில் சிரிக்க ஆரம்பித்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தும் சிரிப்பை நிறுத்தவில்லை.

“டர்போ மாட்டி முடிக்கற வரைக்கும் உங்க ரெண்டு கையும் பாக்கெட்டுலயே இருக்கோணும்.”

அவன் உடனே கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். இவ்வளவு சந்தோஷமாக அவன் எந்தத் தண்டனையையும் வாங்கியதில்லை.

போன் அடித்தது. அவனால் எடுக்க முடியாது, அதனால் அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பந்தய கிளப்பிலிருந்து ஓர் ஆள். ஓட்டுபவர் பெயர், வண்டி எண் என்று வரிசையாகக் கேட்டார். பூபதி வரிசையாகச் சொன்னான்.

“ஹெட் வேலை எந்தக் கடைங்க?”

பூபதி வாயைத் திறந்தான்.

போன் அவன் முகத்திலிருந்து விலகி அவள் பக்கம் போயிருந்தது.

“கடை இல்லீங்க,” என்றாள் அவள். “பேரு சொல்றேன், எழுதிக்கோங்க.”