பச்சை வளையல்

எட்டு மாதக் கர்ப்பிணியான தேன்மலர், சுகாதார நிலையத்தில் மாட்டிவிட்ட ரத்த அழுத்த வளையலைக் கழற்றி நாத்தனாரிடம் நீட்டினாள். "குயிலி, வளைகாப்பு முடியுற வரைக்கும் நீ போட்டுக்க. ஊறுகாயைத் தொட்டாலே கத்துது சனியன்."

மூன்றாம் நாள் காலை தேன்மலருக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஆம்புலன்ஸுக்கு அடித்தால், "உங்க வளையல் இங்க பச்சை காட்டுதுங்க. சிவந்தாத்தான் வண்டி வரும்" என்றார்கள். சோப்பு தடவியும் வீங்கிய கையில் வளையல் ஏறவில்லை.

"அண்ணி, கண்ணை மூடாதீங்க!" குயிலி அதைச் சிவக்க வைக்கத் தானே மாட்டிக்கொண்டு மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

வளையல் பச்சையாகவே மின்னிப் பேசியது: "நல்ல உடற்பயிற்சி, தேன்மலர். தாயும் சேயும் நலம்."